சார்மியன் அத்தை வீட்டுக்கு ஐந்து நாள்

லண்டனில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஊருக்குத் திரும்புவதற்குள் ஐந்து நாள் தனியாகக் கெண்ட் மாவட்டம் பக்கம் போய் வந்தேன். தினமும் ராத்திரி படுக்கப் போகுமுன் எழுதியதை இங்கே போடுகிறேன். கால் வலி இன்னும் போகவில்லை.

ஏன் கெண்ட் என்று மகள் பலமுறை கேட்டாள். அதற்கு ராஜபாளையத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. எங்கள் இருவரையும் வளர்த்தது அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவர். அந்த வீட்டுத் திண்ணையில்தான் அண்ணன் ராணி காமிக்ஸில் ஜேம்ஸ்பாண்ட் கதைகளை எனக்கு வாசித்துக் காட்டுவான். வேறு குரல், வேறு முகம் எல்லாம் வைத்து வாசிப்பான். ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தின் மிச்சம் எங்கள் தெருவில் அப்போதும் இருந்தது. பல வருஷம் கழித்து மதுரை புதுமண்டபத்தில் பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு அண்ணன் போன் பண்ணினான். "பாப்பா, ஜேம்ஸ்பாண்டும் நம்மள மாதிரி அத்தை வீட்டுப் பிள்ளைதான்" என்றான்.

ஜேம்ஸ்பாண்டை உண்டாக்கிய எழுத்தாளர் இயான் ஃபிளெமிங் 1964-ல் வெளியிட்ட 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' நாவலில் அது வருகிறது. பாண்ட் இறந்துவிட்டதாக நினைத்து, அவனுடைய மேலதிகாரி எம் 'தி டைம்ஸ்' நாளிதழில் ஓர் இரங்கல் குறிப்பு எழுதுகிறார். அப்பா ஆண்ட்ரூ பாண்ட், ஸ்காட்லாந்தின் கிளென்கோ ஊர்க்காரர். அம்மா மோனிக் டெலக்ரா, சுவிட்சர்லாந்துக்காரி. பையனுக்குப் பதினொரு வயதாகும்போது இருவரும் பிரான்ஸில் மலையேறப் போய் விழுந்து இறந்துபோகிறார்கள். பிறகு அவன் வளர்ந்தது கேன்டர்பரிக்குப் பக்கத்தில் பெட் பாட்டம் என்ற சிற்றூரில், டக் இன் என்ற மதுக்கடையை ஒட்டிய ஒரு சின்ன வீட்டில், சார்மியன் பாண்டிடம். ஆங்கிலத்தில் ஆன்ட் என்று ஒரே சொல்தான். ஆனால் 'மிஸ் பாண்ட்' என்று போட்டிருப்பதால் அவர் அப்பாவின் சகோதரி என்பது உறுதி. அத்தையேதான்.

திரையில் இந்த அத்தை தலைகாட்டுவதே இல்லை. அவர் இருந்த ஊரைப் பார்க்கத்தான் போனேன்.

செப்டம்பர் 16, திங்கள்: விக்டோரியா – டீல்

லண்டன் விக்டோரியா பேருந்து நிலையத்திலிருந்து கேன்டர்பரி, டோவர் வழியாக டீல் போகும் தொலைதூரப் பேருந்தின் எண் 007. இது நான் கட்டிய கதை இல்லை. நெற்றியில் பெரிதாக எழுதியிருந்தது. இந்தப் பேருந்திலிருந்துதான் ஃபிளெமிங் பாண்டின் 007 என்ற எண்ணை எடுத்தார் என்று கெண்ட்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவு உடைத்த ஜெர்மானிய ரகசியக் குறியீட்டின் எண் 0075, அதிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. இரண்டாம் உலகப் போரில் அதே கடற்படை உளவுப் பிரிவில், இயக்குநர் அட்மிரல் காட்ஃப்ரேயின் உதவியாளராக இருந்தவர் ஃபிளெமிங். அதனால் என் ஓட்டு இரண்டாவது கட்சிக்குத்தான். ஆனாலும் பேருந்தைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "கண்டக்டர் கிட்ட டிக்கெட் கேட்டா பேரை எப்படிச் சொன்ன?"

கண்டக்டர் கிடையாது, ஓட்டுநர் மட்டும்தான். என் பையைத் தானே தூக்கி அடியில் வைத்துவிட்டு, "இடமெல்லாம் இருக்கு லவ், முன்னாடி உட்காருங்க" என்றார். லவ் என்று ஒரு முன்பின் தெரியாத ஆள் சொன்னதும் முதலில் திக்கென்றது. அப்புறம் யோசித்தால், எங்கள் ஊர் மினிபஸ்ஸில் "தாயி, உள்ள போ தாயி" என்பார்களே, அது போலத்தான்.

லண்டனைத் தாண்ட ஒரு மணி நேரம் பிடித்தது. அப்புறம் பச்சை. என் மடியில் 'மூன்ரேக்கர்' இருந்தது, 1955-ல் வந்த நாவல். படத்தில் வெனிஸ், ரியோ, விண்வெளி என்று சுற்றுவார்கள். புத்தகத்தில் பாண்ட் இங்கிலாந்தை விட்டு வெளியே ஓர் அடிகூட வைப்பதில்லை. லண்டனும் கெண்ட்டும்தான். ஒரு திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிகிற கதை. நானும் திங்களன்று கிளம்பி வெள்ளியன்று திரும்புவதாக ஏற்பாடு செய்துகொண்டது அதற்காகத்தான்.

டீலில் கடலைப் பார்த்த தெருவில் ஒரு வீட்டில் தங்கல். படுக்கையும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 75 பவுண்ட். நம் பணத்தில் எட்டாயிரத்துக்கு மேல். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அறையில் ஒரு போத்தலில் பாலும் ஒரு தட்டில் நான்கு பிஸ்கட்டும் வைத்திருந்தார். கடற்கரையில் மணலே இல்லை, முழுக்கக் கூழாங்கல். அலை பின்வாங்கும்போதெல்லாம் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி சத்தம். ராத்திரி ஜன்னலைச் சாத்தினாலும் கேட்டது.

செப்டம்பர் 17, செவ்வாய்: செயின்ட் மார்கரெட்ஸ் பே

முட்டை எப்படி வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். "மூன்றேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே, சரியாச் சொன்னா மூன்று நிமிடம் இருபது வினாடி" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். காரணம் சொன்னேன். 'ஃப்ரம் ரஷ்யா, வித் லவ்' நாவலில் பாண்டின் காலை உணவு ஒரு பூஜை மாதிரி எழுதப்பட்டிருக்கும். மரான் என்ற பிரெஞ்சுக் கோழியின் புள்ளி போட்ட பழுப்பு முட்டை, மூன்று நிமிடமும் மூன்றில் ஒரு பங்கும் வேகவைத்தது. டிப்ட்ரீ கம்பெனியின் 'லிட்டில் ஸ்கார்லெட்' ஸ்ட்ராபெர்ரி ஜாம். கூப்பர்ஸ் மார்மலேட். நார்வே தேன். கறுப்புக் காபி. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து ஒரு டைமரை எடுத்துத் திருகி மேசையில் என் முன்னால் வைத்தார்.

மணி அடித்ததும் முட்டை வந்தது. தலையைக் கத்தியால் ஒரே தட்டில் சீவிக் காட்டினார். வெள்ளை இறுகியிருந்தது. மஞ்சள் தேன் பதத்தில், ஓரத்தில் மட்டும் சற்றுக் கெட்டியாக இருந்தது. ரொட்டியை விரல் நீளத்துக்கு வெட்டி அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். அந்தத் துண்டுகளுக்குச் சோல்ஜர்ஸ் என்று பெயர். நான் எப்போதும் முட்டையைக் கல்லாக வேகவைப்பவள். பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் தொடமாட்டேன். இன்று இரண்டு சாப்பிட்டேன்.

பாண்டுக்குத் தேநீரே பிடிக்காது, அதைச் சேறு என்பான், பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் சரிந்ததற்கே தேநீர் ஒரு காரணம் என்று 'கோல்ட்ஃபிங்கர்' நாவலில் சண்டை போடுவான் என்றேன். "அப்படியானால் அவனுக்கு இந்த வீட்டில் அறை கிடையாது" என்று சொல்லி அந்த அம்மா தன் கோப்பையை நிரப்பிக்கொண்டார்.

செயின்ட் மார்கரெட்ஸுக்குப் பேருந்து 2 பவுண்ட். 2024-ல் இங்கே பெரும்பாலான பேருந்துகளில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரு பயணத்துக்கு 2 பவுண்டுதான் என்று அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. மேலே கிராமத்தில் இறங்கி, வளைந்து வளைந்து கீழே இறங்கும் சாலையில் கடலுக்கு நடக்க வேண்டும். வழியில் பைன்ஸ் கார்டன் என்ற தோட்டம், அதில் வின்ஸ்டன் சர்ச்சிலின் சிலை. அவர் பெயர் வியாழக்கிழமை மறுபடி வரும்.

கீழே போனால் வெள்ளைச் சுவர் மாதிரி மலை. புகைப்படங்களில் பார்த்திருக்கிறேன். நேரில் கண் கூசுகிறது. இதே கரையின் ஓரத்தில், மலையடிவாரத்தில் கடைசியாக நிற்கிற வெள்ளை வீட்டில் நாடக ஆசிரியர் நோயல் கவர்ட் இருந்தார். அவரிடமிருந்து 1950-களின் தொடக்கத்தில் ஃபிளெமிங் எடுத்துக்கொண்டார். நாவல்களை ஜமைக்காவில் கோல்டன்ஐ என்ற தன் வீட்டில் ஜனவரி, பிப்ரவரியில் உட்கார்ந்து எழுதுவார். ஆனால் வார இறுதியில் வந்து நடந்தது இந்தக் கல்லில். அங்கே வெயிலில் உட்கார்ந்துகொண்டு இந்தக் குளிர்ந்த கரையை எழுதியிருக்கிறார். 'மூன்ரேக்கர்' வில்லன் ஹியூகோ டிராக்ஸ் ராக்கெட் வைத்திருப்பது இந்த மலைமேட்டில், டோவருக்கும் டீலுக்கும் நடுவே. பாண்டும் காலா பிராண்ட் என்ற பெண் போலீஸும் இந்த மலையின் கீழே இருக்கும்போதுதான் மேலிருந்து வெடி வைத்துப் பாறையைச் சரித்து அவர்கள் மேல் தள்ளுகிறார்கள். எனக்குப் புத்தகத்தில் மிகப் பிடித்த இடம் அது. சுண்ணத் தூளில் இரண்டு பேரும் வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்பார்கள்.

மலையடியில் நிற்காதே, கல் விழும் என்று அறிவிப்புப் பலகை இருக்கிறது. சும்மா வைத்ததில்லை. உண்மையிலேயே அடிக்கடி சரியும். தள்ளி நின்று, அலை உருட்டிக் கொண்டுவந்த ஒரு துண்டை எடுத்தேன். கோழி முட்டை அளவு. இருபத்தெட்டு வருஷம் சாக்பீஸ் பிடித்த விரல். தொட்டதுமே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் ஜிப்சம். இது அசல் சாக். கண்ணுக்குத் தெரியாத கடல் பாசிகளின் ஓடுகள் கோடிக்கணக்கான வருஷம் படிந்து இறுகியது. பக்கத்தில் கறுப்பாக ஒரு சிக்கிமுக்கிக் கல் கிடந்தது. சுண்ணாம்புக்கு நடுவே வரி வரியாக அதுவும் விளைகிறது. அந்தக் கறுப்புக் கல்லில் இந்த வெள்ளைக் கல்லால் 'அ' எழுதிப் பார்த்தேன். கரும்பலகையில் விழுகிற மாதிரியே விழுந்தது, ஆனால் சத்தம் இல்லை. வழுவழுவென்று போயிற்று. அதற்குக் கீழே அத்தையின் பெயரை எழுதிவிட்டு அலை படுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

போனைப் பார்த்தால் மணி ஐந்தே கால். கடைசிக்கு முந்தின பேருந்து போயிருக்கும், அடுத்ததை விட்டால் இருட்டில் நடக்க வேண்டும் என்று பதறிப்போய் அந்த ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறினேன். பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாயோடு வந்த ஒரு பெரியவர், "உட்காருங்கள், என்ன அவசரம்?" என்றார். பேருந்து நேரம் சொன்னேன். தன் கைக்கடிகாரத்தை நீட்டினார். நாலே கால். "உங்கள் போன் பிரான்ஸுக்குப் போய்விட்டது. இங்கே கீழே இறங்கினால் எல்லா போனும் போய்விடும்" என்றார். பார்த்தால், பிரான்ஸுக்கு வரவேற்கிறோம் என்று குறுஞ்செய்தி வந்து கிடக்கிறது. எதிர்க்கரை 33 கிலோமீட்டர்தான். மலை மறைப்பதால் இந்தப் பக்கத்து அலைவரிசை கிடைக்காமல் போன் அந்தப் பக்கத்து கோபுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே ஒரு மணி நேரம் முன்னால்.

பெரியவர் என் கூடவே மெதுவாக நடந்து நிறுத்தம் வரை வந்தார். ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. நாயின் பெயரையும் அதற்கு எந்த பிஸ்கட் ஆகாது என்பதையும் சொன்னார்.

செப்டம்பர் 18, புதன்: சாண்ட்விச்

டீலிலிருந்து ரயிலில் பத்து நிமிடம்கூட இல்லை. ஊர் பழையது, தெருக்கள் ஒடுங்கியவை, மர வீடுகள் ரோட்டின் மேல் சாய்ந்து பேசிக்கொள்கின்றன. அங்கிருந்து ராயல் செயின்ட் ஜார்ஜஸ் கோல்ஃப் மைதானத்துக்கு நடந்தேன். கிழக்குக் காற்று முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. வெயில் உண்டு, சூடு இல்லை.

'கோல்ட்ஃபிங்கர்' நாவலில் இதற்கு ராயல் செயின்ட் மார்க்ஸ் என்று பெயர் மாற்றியிருக்கிறார். ஃபிளெமிங் இங்கே உறுப்பினர். இங்கிருந்த பயிற்சியாளர் ஆல்பர்ட் வைட்டிங்கை, நாவலில் ஆல்ஃபிரெட் பிளாக்கிங் ஆக்கிவிட்டார். வெள்ளையைக் கறுப்பாக்கி ஒளித்து வைத்திருக்கிறார். இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அண்ணன்தான். படத்தில் வருகிற கோல்ஃப் ஆட்டம் இங்கே எடுத்ததில்லை. அது பக்கிங்ஹாம்ஷயரில் ஸ்டோக் பார்க்கில் எடுத்தது. ஆனால் எழுதப்பட்டது இந்த மணல்மேட்டுக்கும் இந்தக் காற்றுக்கும்தான் என்பது இங்கே நின்றால் புரியும். பந்தை அடிப்பதற்கு முன்பு காற்றோடு பேச வேண்டும்.

பொதுமக்கள் நடக்கிற பாதை ஒன்று மைதானத்துக்கு நடுவிலேயே போகிறது. இப்படிப்பட்ட இடத்துக்குள் என்னை யாரும் நிறுத்தாமல் விடுவார்கள் என்று நினைக்கவில்லை. பாதை உரிமை இங்கே அவ்வளவு பலமானது. இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றேன். அவர்களும் நின்றார்கள். நீங்கள் போங்கள் என்று நான் கை காட்ட, நீங்கள் போங்கள் என்று அவர்கள் கை காட்ட, கடைசியில் நான்தான் கடந்தேன். கடக்கும்போது அதில் ஒருவர் "சாரி" என்றார். குறுக்கே போனது நான்.

அந்த சாரியைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. காரணம் இது. 1964 ஆகஸ்ட் 11 அன்று ஃபிளெமிங் இந்த கிளப்புக்கு வந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டார். அன்று இரவு கேன்டர்பரியில் மாரடைப்பு. ஆம்புலன்ஸில் ஏற்றியவர்களிடம், உங்களுக்குச் சிரமம் கொடுப்பதற்கு மன்னியுங்கள் என்று சொன்னதுதான் அவர் கடைசியாகப் பேசியதாகப் பதிவாகியிருக்கிறது. விடியுமுன் போய்விட்டார். வயது 56. அன்று அவருடைய மகன் காஸ்பரின் பன்னிரண்டாவது பிறந்தநாள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மாலை டீலில் கடலைப் பார்த்து உட்கார்ந்து மீனும் உருளை வறுவலும். 13 பவுண்ட், காகிதத்தில் சுற்றி, வினிகர் தெளித்து. மீன் ஒரு முழம் இருந்தது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே இதழ் இதழாகப் பிரிகிற வெள்ளைச் சதை. உப்பு மட்டும்தான் ருசி. கொஞ்சம் மிளகாய்த்தூள் இருந்திருந்தால் எங்கேயோ போயிருக்கும். மூன்றாவது வாய் வைக்கும்போது தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கடற்காகம் பாய்ந்து பெரிய துண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் கத்திவிட்டேன். பக்கத்து பெஞ்சிலிருந்த பள்ளிக்கூடப் பையன் எழுந்து வந்து தன் பொட்டலத்தை நீட்டி, "இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான். பத்து, பதினொரு வயதிருக்கும். ஒன்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்: பெட் பாட்டம்

வீட்டுக்கார அம்மா இன்று நானே கேட்காமல் இரண்டு முட்டையை நன்றாக வேகவைத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு மடிப்பில் உப்பு. "அங்கே கடை கண்ணி இருக்காது" என்றார்.

கேன்டர்பரிக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து பிரிட்ஜ் என்ற கிராமத்துக்கு இன்னொன்று. இந்தப் பக்கமே ஃபிளெமிங்குக்குப் பழகிய மண். பக்கத்தில் பெக்ஸ்போர்னில் சில காலம் குடியிருந்தார். பிரிட்ஜுக்கு அருகே ஹைகம் பார்க் மாளிகையில் லூயி ஸ்போரோவ்ஸ்கி என்ற பிரபு 1920-களில் விமான எஞ்சினைப் பொருத்திக் கட்டிய பந்தயக் கார்களின் பெயர்தான் சிட்டி பேங் பேங். அதிலிருந்து பிறந்தது ஃபிளெமிங்கின் குழந்தைகள் புத்தகம்.

பிரிட்ஜிலிருந்து நடைதான். இரண்டு மைல் என்று போன் சொன்னது. ஒரு கார் மட்டும் போகிற அகலத்துக்கு ரோடு, இருபுறமும் ஆளுயரத்துக்கு வேலிச்செடி. நடைபாதை கிடையாது. கார் வந்தால் வேலியோடு வேலியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஓட்டுநரும் கிட்டத்தட்ட நிறுத்தி, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு முறை ஒதுங்கும்போது நம் காஞ்சொறி மாதிரி ஒரு செடியில் கை பட்டுவிட்டது. மணிக்கட்டெல்லாம் தடித்து எரிந்தது. எதிரே கைத்தடியோடு வந்த தம்பதி பார்த்துவிட்டார்கள். அந்தப் பெண் குனிந்து ரோட்டோரத்திலேயே அகலமான ஓர் இலையைப் பறித்துக் கசக்கி என் கையில் தேய்த்தார். "இது வளர்கிற இடத்தில் அதுவும் பக்கத்திலேயே வளரும்" என்றார். எரிச்சல் குறைந்ததோ இல்லையோ, அத்தை குப்பைமேனியைக் கசக்கித் தேய்த்த ஞாபகம் வந்துவிட்டது.

பள்ளம் ஒன்றில் ரோடு இறங்கியதும் டக் இன் தெரிந்தது. கூரை தாழ்ந்த கட்டடம். நான் போன நேரம் திறக்கிற நேரம் இல்லை. சுற்றிலும் வயல் சரிவு, மேலே காட்டு ஓரம், செம்மறியாடுகள். பக்கத்தில் ஒரு வீடு. அந்த வீடா என்று கேட்டால், சார்மியன் பாண்ட் என்று யாரும் இல்லை, ஃபிளெமிங் உண்டாக்கியவர், எனக்கும் தெரியும். ஆனாலும் நாவல் சொல்கிற இடம் இது. வாசல்படியில் சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி. ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்தேன். பதினொரு வயதுப் பையன், அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே நாளில் போன பிறகு, பெட்டியோடு இந்தப் பள்ளத்தில் வந்து இறங்குகிறான். அத்தை மிகவும் படித்தவராக இருக்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு அவனைத் தயார் செய்தது அவர்தான் என்று எம் எழுதுகிறார். பன்னிரண்டு வயதுவாக்கில் ஈட்டன் என்ற விடுதிப் பள்ளியில் சேர்ந்துவிடுகிறான். அப்படியென்றால் இந்த வீட்டில் அதற்கு முன்பு ஒரு வருஷமோ கொஞ்சம் கூடவோ. அதற்குள் அவ்வளவு பாடம். எங்கள் அத்தை ஐந்தாவதுதான். ஆனால் விளக்கு முன்னால் வாய்ப்பாடு கேட்பார். தப்பினால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஃபிளெமிங்கின் அப்பா வாலன்டைன் 1917 மே மாதம் போர்முனையில் இறந்தார். இயானுக்கு ஒன்பது வயது நிறைய ஒரு வாரம்தான் இருந்தது. அந்த அப்பாவுக்கு 'தி டைம்ஸ்' இதழில் இரங்கல் குறிப்பு எழுதியவர் வின்ஸ்டன் சர்ச்சில். அதைச் சட்டம் போட்டுக் கடைசிவரை சுவரில் மாட்டி வைத்திருந்தார் மகன். அவர்தான் பிறகு தன் கதாநாயகனுக்கும் அதே 'தி டைம்ஸ்' இதழில் வருவதாக ஓர் இரங்கல் குறிப்பு எழுதுகிறார். உயிரோடிருக்கையில் வெளிவந்த கடைசி பாண்ட் நாவல் அது. அதில் அந்தப் பையனின் அப்பாவையும் அம்மாவையும் மலையிலிருந்து விழவைத்து, அவனை எங்கே கொண்டுவந்து விடலாம் என்று யோசித்து, தான் நடந்து திரிந்த இந்தப் பள்ளத்தில் ஓர் அத்தையை உண்டாக்கி, அவரிடம் ஒப்படைத்திருக்கிறார். துப்பாக்கியும் காரும் பெண்களும் எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டாவது புத்தகத்தில், அரைப் பக்கத்தில் வருகிற இந்த வீட்டை அவர் வைக்காமலே விட்டிருந்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வைத்திருக்கிறார்.

முட்டையை உரித்து உப்புத் தொட்டுச் சாப்பிட்டேன். கொஞ்ச தூரத்தில் ஒரு வேலி ஓரமாக மரப்பெட்டி, அதில் ஆப்பிள்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையால் எழுதிய அட்டை. காற்றில் உதிர்ந்தவை. ஒரு பக்கம் அடிபட்டிருக்கும். பணம் போட உண்டியல் தேடினேன், இல்லை. மூன்று எடுத்துக்கொண்டேன். ஒன்றை அங்கேயே கடித்தேன். புளிப்பு. பல் கூசிற்று. விதை வரை தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.

ராத்திரி டீலுக்கு வந்து அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே நடுச்சாமம் தாண்டியிருந்தது, விழித்தே இருந்தான். அத்தை 2009-ல் போனபோது அவன் துபாயில் இருந்தான். விடுப்பு கிடைக்கவில்லை. பதினாறாம் நாளுக்குத்தான் வந்தான். அதைப் பற்றி அவன் பேசியதே கிடையாது. இன்றைக்கும் பேசவில்லை.

"வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு, பாப்பா?"

"ரோட்டைப் பார்த்துத்தான் அண்ணே."

"திண்ணை இருக்கா?"

"இங்க ஏது திண்ணை. ஒரு படி இருக்கு. செருப்பு விடலாம்."

"செருப்பு கிடந்துச்சா?"

பூட்ஸைச் சொன்னேன். சின்னது எவ்வளவு பெரிசு இருக்கும் என்று கேட்டான். என் முழங்கை அளவு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, தூங்கு, காலுக்கு எண்ணெய் தேச்சுக்கோ" என்றான்.

செப்டம்பர் 20, வெள்ளி: திரும்புதல்

காலையில் மழை மூட்டம். வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிக்கொண்டேன். கட்டிப்பிடித்துவிட்டார். நான் வாங்கி வைத்திருந்த 'லிட்டில் ஸ்கார்லெட்' ஜாமில் பாதிப் போத்தல் மீதி. பையில் சிந்தும் என்று அவரிடமே கொடுத்தேன். சின்னச் சின்ன முழுப் பழமாகக் கிடக்கும், இனிப்பு கம்மி, வாசனை ஜாஸ்தி. மூன்று பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது வீண்போகவில்லை.

007 பேருந்தில் 'மூன்ரேக்கர்' முடித்தேன். கடைசியில் காலா பிராண்ட் பாண்டோடு போகவில்லை. தனக்கு நிச்சயமான ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறாள். அவன் தனியாக நிற்கிறான். வெள்ளிக்கிழமை.

மகள் விக்டோரியாவுக்கே வந்திருந்தாள். "என்னம்மா, ஷூவெல்லாம் வெள்ளையா இருக்கு" என்றாள். மற்ற இரண்டு ஆப்பிளை எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் ஒன்றை நறுக்கி, நான் கேட்காமலே உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தட்டில் வைத்தாள். இன்னொன்றைப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினாள். அண்ணன் உடனே எழுதினான்: "அதை வெட்டாதீங்க. நான் பார்க்கணும், வீடியோ கால்ல வர்றேன்."